மொகஞ்சதாரோவின் தூண் மண்டபம்

(பரிசளிப்பு விழாவையொட்டிப் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பண்டைய நாகரிகங்களின் பெருமை' என்பது. பெருமை பேசுவதற்கு நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குரல் வளமும் அவர்களுக்கு என்னைவிட அதிகம். ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு அந்தப் பெரிய தலைப்பைச் சுருக்கி, ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். கூரை கிடையாது, கதவு கிடையாது, தூண்களில் அடிப்பாகம் மட்டும்தான் மிச்சம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது கட்டியவர்களோடு போய்விட்டது.

இன்றைய பாகிஸ்தானில், சிந்து மாநிலத்தில், லார்க்கானா மாவட்டத்தில் மொகஞ்சதாரோ என்னும் இடிபாட்டு நகரம் இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை மக்கள் நிறைந்து வாழ்ந்த ஊர். 1922-இல் ராக்கல்தாஸ் பானர்ஜி என்ற வங்காள அறிஞர் அங்கே உள்ள புத்த ஸ்தூபியைத் தோண்டப் போய், அதற்கு அடியிலும் பக்கத்திலும் அதைவிட மிகப் பழைய ஊர் ஒன்று புதைந்திருப்பதைக் கண்டார். 1924 செப்டம்பரில் அன்றைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் சர் ஜான் மார்ஷல், லண்டன் பத்திரிகை ஒன்றில் உலகத்துக்கு அதை அறிவித்தார். இவ்வளவும் பாடநூல்களில் உள்ளவைதான். நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் முதல் படிவத்திலேயே சிந்துவெளி நாகரிகத்தைப் படிக்க வேண்டிவரும்.

அந்த நகரத்தின் மேற்குப் புறத்தில் உயரமான ஒரு மேடு. அதில்தான் எல்லாரும் படத்தில் பார்த்திருக்கும் 'பெருங்குளியல் குளம்' இருக்கிறது. நீளம் 39 அடி, அகலம் 23 அடி, ஆழம் 8 அடி. வடக்கே ஒரு படிக்கட்டு, தெற்கே ஒரு படிக்கட்டு. தண்ணீர் கசியாமலிருக்கச் செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, பின்னால் நிலக்கீலும் தடவியிருக்கிறார்கள். நிலக்கீல் என்றால் நம் சாலைக்கு ஊற்றுகிற தார் மாதிரிதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால்! இன்றைக்கு நம்ம ஊரில் புதிதாகக் கட்டிய வீட்டிலேயே குளியலறை ஒழுகுகிறது. குத்தகைக்காரரைக் கேட்டால் "பார்க்கலாம்ங்க" என்கிறார்.

குளத்தைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் சொல்ல வந்த கட்டடம் அதே மேட்டின் தென்பகுதியில் இருக்கிறது.

ஏறத்தாழ 90 அடிக்கு 90 அடி, சதுரமான ஒரு கூடம். உள்ளே செங்கல்லால் கட்டிய தூண்கள் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் இருபது. தூண் வரிசைகளுக்கு இடையே தரையில் நீளநீளமாகச் செங்கல் பாவிய பட்டைகள். அந்த மக்கள் வீடு, கிணறு, சாக்கடை எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில் செங்கல் அறுத்தவர்கள்: கனம் ஒன்றென்றால் அகலம் இரண்டு, நீளம் நான்கு. ஊருக்கு ஊர் இந்த விகிதம் மாறவில்லை. அப்படிக் கணக்குப் பார்க்கிறவர்கள் 90 அடிச் சதுரத்தில் இருபது தூண் எழுப்பியிருக்கிறார்கள் என்றால், ஒரு குடும்பம் படுத்துறங்க எழுப்பியிருக்க மாட்டார்கள். அந்தத் தூண்களுக்கு மேல் மரத்தாலான கூரை இருந்திருக்க வேண்டும், மரம் மக்கிப்போயிற்று. பலர் ஒன்றாகக் கூடுவதற்கான இடம் என்பதில் பெரிய சண்டை இல்லை. யார் கூடினார்கள், எதற்குக் கூடினார்கள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதல் பதில் மார்ஷலுடையது. தரையில் இருக்கும் நீண்ட பட்டைகளைப் பார்த்ததும் அவருக்குப் புத்த பிக்குகள் வரிசை வரிசையாக அமரும் குகைக் கோயில்கள் நினைவுக்கு வந்தன. ஏன் அவை? மார்ஷல் அதற்கு முன் பல ஆண்டுகள் சாஞ்சியில் ஸ்தூபிகளைச் செப்பனிட்டவர். தட்சசீலத்தில் பௌத்த மடங்களைத் தோண்டியவர். கண்ணை மூடினாலும் அவருக்கு மடாலயம்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தவர் எர்னஸ்ட் மக்கே. 1927 முதல் 1931 வரை அங்கே அகழாய்வை நடத்தியவர் அவர்தான். அதற்கு முன் ஈராக்கில், பழைய சுமேரிய நகரங்களில் மண்வெட்டி பிடித்தவர். அவர் பார்த்தார், "இது சந்தை" என்றார். தூண்களுக்கு இடையே வரிசையாக நிரந்தரக் கடைகள் இருந்திருக்கும், அந்தப் பட்டைகள் கடைகளுக்கான இடம் என்பது அவர் எண்ணம்.

மூன்றாமவர் சர் மார்ட்டிமர் வீலர். இவர் பெயர் நம்மவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி, ரோமானியர் வணிகம் அங்கே நடந்ததை நிலைநாட்டியவர் அவர். இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றிய படை அதிகாரி. அவர் கண்ணுக்கு அந்த மேடே ஒரு கோட்டையாகத் தெரிந்தது. தூண் மண்டபமோ பாரசீக மன்னர்கள் குடிமக்களைச் சந்திக்கும் அரசவை மண்டபத்தைப் போல இருந்தது.

பிக்குகள், வியாபாரிகள், ராஜா. ஒரே இருபது தூண்கள்!

இந்த மூவரும் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் இன்று நான் பேச ஒன்றுமே இருக்காது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி? ஆனால் கணக்கு வாத்தியார் மாதிரி ஒன்றைக் கழித்துப் பாருங்கள். பாரசீக மன்னன் தரையஸ் பெர்சிபோலிஸ் நகரத்தில் தன் மண்டபத்தைத் தொடங்கியது ஏறக்குறைய கி.மு. 515-இல். பௌத்தக் குகைக் கோயில்கள் அதற்கும் பிந்தியவை. மொகஞ்சதாரோவோ கி.மு. 1900 அளவிலேயே தளர்ந்துபோன ஊர். நடுவே ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. பேரன் வீட்டைப் பார்த்துத் தாத்தா வீட்டுக்குப் படம் போட்டால்கூட ஏதோ ஒரு சாயல் கிடைக்கும். இங்கே பேரன் என்பதற்கே சான்று இல்லை.

சரி, தோண்டியபோதே தெரிந்திருக்க வேண்டாமா, உள்ளே கிடைத்த பொருளை வைத்துச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் சங்கடம். 1920-களில் நூற்றுக்கணக்கான கூலியாட்களை வைத்து மிக வேகமாகத் தோண்டினார்கள். எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பாராமல், ஒரு குறித்த மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று மட்டும் அளந்து எழுதினார்கள். நிலம் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருக்கும் அல்லவா? அப்படி அளந்தால் தாத்தா காலத்துச் சட்டியும் பேரன் காலத்துச் சட்டியும் ஒரே கணக்கில் விழுந்துவிடும். பின்னாளில் வீலரே இந்த முறையைக் கடுமையாகக் குறைகூறினார். போதாக்குறைக்கு அந்த மண்டபத்தையே பிற்கால மக்கள் குறுக்குச் சுவர்கள் எழுப்பித் தடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு காரியத்துக்கும், இருநூறு முந்நூறு ஆண்டு கழித்து வேறு காரியத்துக்கும் அது பயன்பட்டிருக்கலாம்.

அந்தக் குறுக்குச் சுவர் விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு கொட்டகை இருந்தது. சிமெண்டுத் தூண்கள், மேலே தகரக் கூரை, அவ்வளவுதான். காலையில் அங்கேதான் பிரட்டு. வெயில் ஏறினால் ஆயாக்கள் குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டுவார்கள். சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுகிறவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். தேர்தல் வந்தால் கூட்டம். யாராவது தவறிவிட்டால் நாற்காலி அங்கிருந்துதான் போகும். தீபாவளிக்கு முதல் நாள் இராத்திரி படம். பிறகு ஒரு பக்கத்தைப் பலகை வைத்து அடைத்து உரமூட்டை அடுக்கினார்கள். நாலாயிரம் ஆண்டு கழித்து எவராவது வந்து அந்தத் தூண்களின் அடியைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? உடைந்த போத்தல் கிடைத்தால் "கள்ளுக்கடை" என்று எழுதுவார். தொட்டில் கொக்கி கிடைத்தால் "பிள்ளை மடுவம்" என்பார். ஒன்றுமே கிடைக்காவிட்டால் "வழிபாட்டு மண்டபம்" என்று எழுதிவிட்டுப் போவார். காரணம் தெரியாத எதையும் சாமி கணக்கில் எழுதுவது தோண்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். "எதுக்குக் கட்டினீங்க?" என்று எங்கள் அப்பாயியைக் கேட்டால், "எல்லாத்துக்கும்தான், வேற எங்கடா போறது?" என்றுதான் சொல்லியிருப்பார்.

இது மொகஞ்சதாரோவுக்குச் சான்று ஆகாது, எனக்கும் தெரியும். 'எதற்கு?' என்ற கேள்வியிலேயே ஒரே ஒரு பதில்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் சொன்னேன்.

இனி, பெயர் வைப்பதில் வருகிற வில்லங்கம். தூண் மண்டபத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. குளத்துக்குப் பக்கத்தில் 27 செங்கல் மேடைகள் அடுக்கிய பெரிய அடித்தளம் ஒன்று உண்டு. வீலர் 1950-இல் அதை ஆராய்ந்து 'பெருங்களஞ்சியம்' என்றார். மேடைகளுக்கு நடுவே உள்ள சந்துகள், தானியம் ஈரமாகாமல் காற்றுப் போகிற வழி என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தானியம் சேமித்ததற்கான தடயம் அங்கே கிடைக்கவில்லை. ஹரப்பாவில் நெடுங்காலம் அகழாய்வு செய்த அமெரிக்க அறிஞர் கெனோயர் போன்றவர்கள் இப்போது அதைக் களஞ்சியம் என்று ஏற்பதில்லை. பெரிய மண்டபமாகவோ பொதுக் கட்டடமாகவோ இருக்கலாம் என்கிறார்கள். ஆக, அதுவும் நம் தூண் மண்டபத்தின் பங்காளி ஆகிவிட்டது! இன்னொரு நீண்ட கட்டடத்துக்குக் 'கல்லூரி' என்று பெயர். குருமார்கள் தங்கிய இடமாக இருக்கலாம் என்று மக்கே நினைத்ததால் வந்த பெயர். பாடமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது, பெயர் மட்டும் கல்லூரி. சிறிய வெண்கலப் பெண் உருவம் 'நடன மாது'. தாடி வைத்த கல் உருவம் 'பூசாரி அரசன்'. அவள் ஆடினாள் என்பதற்கும் அவர் ஆண்டார் என்பதற்கும் என்ன அத்தாட்சி?

ஆண்டார் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் இதுதான் அரண்மனை என்று அடித்துச் சொல்லக்கூடிய கட்டடம் எதுவும் கிடைக்கவில்லை. இதுதான் கோயில் என்று எல்லாரும் ஒப்புகிற கட்டடமும் இல்லை. எகிப்தைப் போல் மன்னன் சமாதியும் இல்லை. கிணறு மட்டும் எழுநூறுக்கு மேல் இருந்திருக்கும் என்று, 1979 முதல் அந்த இடிபாடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து பதிவு செய்த ஜெர்மன் ஆய்வுக் குழுவினர் கணக்கிட்டார்கள். தனக்கென்று பெரிய மாளிகை கட்டிக்கொண்ட ஆளைக் காணோம். ஊர் கூடுவதற்கு 90 அடி மண்டபம் இருக்கிறது. என்னை இந்தக் கட்டடத்தின் பக்கம் இழுத்தது இதுதான். அதற்காக, 'அங்கே குடியாட்சி நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது' என்று நான் சொல்லத் தொடங்கினால், மார்ஷலும் மக்கேயும் வீலரும் செய்ததையே நானும் செய்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொரு ஆசையும் நமக்கு உண்டு. பெற்றோர்களில் பெரியவர் ஒருவர் முன்பு என்னிடம், "அது நம்ம மன்றம்தானே சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் அர்த்தம் இல்லாமலில்லை. சிந்துவெளி மக்கள் பேசியது திராவிட மொழியாக இருக்கலாம் என்று ஈராஸ் பாதிரியார் காலத்திலிருந்து பலர் வாதிட்டிருக்கிறார்கள். பின்லாந்து நாட்டுப் பேராசிரியர் அஸ்கோ பர்ப்போலா தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்திருக்கிறார். நம் ஐராவதம் மகாதேவன் 1977-இல் அந்த எழுத்துகளைத் தொகுத்து அட்டவணைப்படுத்திய நூலை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்தை அனைவரும் ஏற்கும்படி யாரும் இன்னும் படிக்கவில்லை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தாம் இருக்கின்றன. பக்கத்திலேயே வேறு மொழியில் பெயர்த்தெழுதிய கல் எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று அறிவித்தார். படித்து முடித்த பாடத்துக்கு யாராவது பரிசு அறிவிப்பார்களா? ஆகவே அந்தப் பெரியவரிடம், "ஐயா, மன்றமாக இருக்கலாம், நம்முடையதாகவும் இருக்கலாம். அந்த 'லாம்' போகிற வரைக்கும் பொறுப்போம்" என்றேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. பிறர் நம்மைக் குறைத்துப் பேசும்போது கையில் ஒரு மொகஞ்சதாரோ இருந்தால் தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் படித்த பிள்ளை நாளைக்குப் பல இனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரப் போகிறது. அங்கே ஒருவன் "எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை விழிக்கக் கூடாது. அதை நினைத்துத்தான் நான் பேசுகிறேன்.

வகுப்பில் இதை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொடுத்ததல்ல, நானாகப் பழகிக்கொண்டது. வெண்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம் கறுப்பு மையில் 'கண்டது'. வலப்பக்கம் சிவப்பு மையில் 'கருதியது'. இருபது தூண்கள், கறுப்பு. சந்தை, சிவப்பு. 27 மேடைகள், கறுப்பு. களஞ்சியம், சிவப்பு. அரை மணி நேரத்தில் பிள்ளைகளே என்னைப் பிடித்துவிடுகிறார்கள்: "சார், 'பெருங்குளியல் குளம்'னு கறுப்புல எழுதிட்டீங்க! குளம்தான் கறுப்பு, குளிச்சாங்கங்கிறது சிவப்பு!" உண்மைதானே? தொட்டி இருக்கிறது, தண்ணீர் வரக் கிணறும், வெளியே போக ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குச் சாக்கடையும் இருக்கின்றன. சடங்குக்காக முழுகினார்களா என்பது கருத்து. வலுவான கருத்து, நானும் ஏற்கும் கருத்து. இருந்தாலும் மை சிவப்புதான்.

உடனே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, "அப்ப பரீட்சையில என்ன சார் எழுதறது?" என்று கேட்கும். அதுவும் நியாயம், மதிப்பெண் போடுகிறவர் என் பலகையைப் பார்த்திருக்க மாட்டார். இதற்குத் தமிழிலேயே நல்ல மருந்து இருக்கிறது. 'எனப்படும்' என்ற சொல்தான் அது. 'பெருங்களஞ்சியம் இருந்தது' என்று எழுதாதே. 'பெருங்களஞ்சியம் எனப்படும் கட்டடம் இருந்தது' என்று எழுது. மதிப்பெண்ணும் குறையாது, பொய்யும் ஆகாது. இது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியரே எத்தனையோ இடங்களில் தாம் சொல்லும் இலக்கணத்தைத் தம் பெயரில் வைக்காமல், புலவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று வைத்துவிட்டுப் போகிறார்.

இனிமேல் தோண்டிக் கண்டுபிடிக்கலாமே என்றால் அதுவும் சுலபமில்லை. அங்கே கடைசியாகப் பெரிய அளவில் அகழாய்வு நடந்தது 1964-65-இல், அமெரிக்கரான ஜார்ஜ் டேல்ஸ் தலைமையில். அதற்குப் பிறகு தோண்டுவதைவிடத் தோண்டியதைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. நிலத்தடி நீர் மேலேறி, உப்புப் பூத்துச் செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம்தான். என்றாலும் உப்புக்கு அது தெரியுமா? 2022 ஆகஸ்டில் கொட்டிய பெருமழையில் சில பழைய சுவர்கள் சேதமடைந்தன. ஹரப்பா கதை இதைவிட மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இரயில் பாதை போட்டவர்கள், அடியில் கொட்டுவதற்குச் சரளைக்கல் கிடைக்காமல் ஹரப்பாவின் செங்கற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயும் இப்படி ஒரு மண்டபம் இருந்திருந்தால், அதன்மேல் இரயில் ஓடி முடிந்துவிட்டது.

நேரமாகிவிட்டது, தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கதவோரம் உள்ள மேசையில், கட்டம் போட்ட தாளில் தூண் மண்டபத்தின் தரைப்படத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். தூண்கள் கறுப்பு மை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் சிவப்புப் பேனாவும் இருக்கின்றன. உங்களுக்கு அது என்னவாகத் தோன்றுகிறதோ எழுதிவிட்டுப் போங்கள். ஏற்கனவே ஒரு வாண்டு 'சிற்றுண்டிச்சாலை' என்று எழுதி வைத்திருக்கிறான். அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பரிசு பெறும் பிள்ளைகள் மேடைக்கு இடப்பக்கமாக வரிசையில் நிற்கும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.